மொட்டைமாடிக் கம்பியும் கோடை பண்பலையும்: வாசகர் கேள்வி–பதில்

ஆன்டெனா தொடர்பாக மதுரைப் பக்கத்து வாசகர்கள் கேட்டவை இங்கே ஒன்றாக.

கே: நாகமலை அடிவாரத்தில் குடியிருக்கிறோம். அப்பாவுக்குக் கோடை பண்பலை (கொடைக்கானலிலிருந்து வரும் எஃப்.எம். வானொலி) கேட்காமல் பொழுது போகாது. ஆனால் பாட்டை விட இரைச்சல்தான் அதிகம். ஜன்னலில் நாலு மீட்டர் வயர் கட்டியும் பலனில்லை. இன்னும் நீளமாகக் கட்டலாமா? (வாசகி, நாகமலைப் புதுக்கோட்டை)

வேண்டாம், குறையுங்கள். கம்பி நீண்டால் நல்லது என்பது மத்திய அலைக்குச் சரி. பண்பலையில் நீளம் அளவாக இருக்க வேண்டும்.

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். கோடை பண்பலை 100.5 என்பதால் சுமார் 2.98 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பியில் அலை ஊசலாடும்போது, போய்த் திரும்பும் மின்னோட்டம் தாளம் தப்பாமல் கூடிக்கொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான். கணக்குப்படி பாதி என்றால் 149 செ.மீ. ஆனால் கம்பியின் முனையைத் தாண்டியும் மின்புலம் சற்று நீண்டு நிற்பதால், கம்பி தன் நீளத்தைவிடக் கூடுதலாக இருப்பது போல நடந்துகொள்ளும். அதனால் ஏறக்குறைய 5 சதவீதம் குறைத்து 142 செ.மீ. வையுங்கள். 10 மி.மீ. அலுமினியக் குழாயில் செய்தால் 140 போதும். இதை நடுவில் வெட்டி, இரண்டு கைகளுக்கும் இடையே 2 செ.மீ. விட்டு, ஒரு பிளாஸ்டிக் பலகையில் இறுக்குங்கள். ஒரு கையில் கேபிளின் நடுக்கம்பி, மறு கையில் மேல்வலை. டைபோல் என்பது இவ்வளவுதான்.

இதன் நடுவில் இம்பிடன்ஸ், அதாவது அலையாக ஓடும் மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, சுமார் 73 ஓம். கேபிள் டிவிக்காரர்கள் இழுக்கும் ஆர்ஜி-6 கேபிள் 75 ஓம். இரண்டும் பொருந்திப்போவதால் இடையில் வேறெதுவும் தேவையில்லை. ஆனால் ஒன்று செய்யுங்கள். டைபோலுக்கு அருகிலேயே கேபிளை 10, 12 செ.மீ. விட்டத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேல்வலையும் ஆன்டெனாவாகி, வீட்டுக்குள் எல்இடி பல்பு போடும் இரைச்சலை எல்லாம் அள்ளிக்கொண்டு வரும். கேபிளைக் கம்பியோடு ஒட்டியபடி இறக்கவும் கூடாது. முக்கால் மீட்டராவது செங்குத்தாக விலகி வந்த பிறகு திருப்புங்கள்.

டைபோலுக்குப் பக்கவாட்டில்தான் காது. இரண்டு முனைகளின் நேரில் செவிடு. மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய மேற்கு–வடமேற்கில் இருக்கிறது. ஆகவே கம்பி அதற்குக் குறுக்காக, வடக்கு–வடகிழக்கிலிருந்து தெற்கு–தென்மேற்காகப் படுக்க வேண்டும். படுக்கையில் சரிவராவிட்டால் நெட்டாக நிறுத்தியும் பாருங்கள். அலை எந்தத் தளத்தில் அதிர்கிறதோ அந்தத் தளத்தில் கம்பி இருக்க வேண்டும். மாறியிருந்தால் வெட்டவெளியில் சிக்னல் நூறில் ஒரு பங்காகக்கூடச் சுருங்கும். மலையிலும் கட்டடங்களிலும் மோதி வரும் அலை தளம் மாறியும் வரும் என்பதால், உங்கள் வீட்டில் எது சரி என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

தூரம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. நேர்கோட்டில் சுமார் 70 கி.மீ.தான். சுமார் 2,100 மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலைக்குத் தொடுவானம் 180 கி.மீ. தாண்டியிருக்கும். குறுக்கே நிற்பது மலைதான். மலையின் நிழலில் நேரலை வலுவிழந்து, முகட்டில் வளைந்து வருவதும் எங்கோ பட்டுத் தெறித்து வருவதுமாகப் பல அலைகள் சேர்ந்து வரும். அவை ஓரிடத்தில் கூடும், அடுத்த முக்கால் மீட்டரில் ஒன்றையொன்று அழித்துவிடும். (முக்கால் மீட்டர் என்பது இங்கே கால் அலைநீளம்.) அதனால் கம்பத்தை முதலில் நட்டுவிடாதீர்கள். டைபோலை ஒரு மூங்கிலில் கட்டி, ஒருவர் மொட்டைமாடியில் நடக்க, ஒருவர் கீழே கேட்டுக்கொண்டிருந்து, நல்ல இடம் எது என்று கண்டுபிடித்த பிறகு நடுங்கள்.

ரேடியோவில் ஆன்டெனா சாக்கெட் இல்லையென்றால் நடுக்கம்பியை இழுப்புக் கம்பியில் முதலைக் கிளிப்பால் மாட்டி, மேல்வலையைப் பேட்டரியின் நெகட்டிவில் சேருங்கள். மதுரை நிலையங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கேட்கத் தொடங்கினால், சிக்னல் மிஞ்சி ரேடியோ திணறுகிறது என்று பொருள். கிளிப்பை எடுத்துவிட்டு, கேபிளின் நடுக்கம்பியை இழுப்புக் கம்பிக்கு அருகில் தொடாமல் வைத்தாலே போதும்.

கே: "25 டெசிபல்" என்று அச்சிட்ட ஆன்டெனா வாங்கினேன். பழைய 7 டெசிபல் ஆன்டெனாவை விட மோசமாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (மேலூர்)

எண்ணுக்குப் பின்னால் என்ன எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். டிபிஐ (dBi) என்றால் எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஒரு கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பீடு. டிபிடி (dBd) என்றால் டைபோலோடு ஒப்பீடு. டைபோலே அந்தக் கற்பனை ஆன்டெனாவை விட 2.15 டெசிபல் கூடுதல் என்பதால், ஒரே பொருளுக்கு ஐயில் சொன்னால் எண் பெரிதாகத் தெரியும். வெறும் 'டெசிபல்' என்று போட்டிருந்தால் விலைச்சீட்டில் ரூபாயா டாலரா என்று சொல்லாத மாதிரி.

உங்கள் பெட்டிக்குள் ஒரு பூஸ்டர் (சிக்னலை மின்சாரத்தால் பெருக்கும் கருவி) இருக்கும். அந்த 25-இல் பெரும்பகுதி அதனுடையது. ஆன்டெனாவின் ஆதாயம் வேறு. மாடக்குழியில் வைத்த விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயும் திரியும் கூடவில்லை, ஆனாலும் பின்பக்கம் போகிற வெளிச்சம் முன்பக்கம் விழுகிறது. 1926-இல் ஜப்பானின் தோஹொகு பல்கலைக்கழகத்தில் உருவான யாகி–உடா ஆன்டெனா செய்வதும் இதைத்தான். தூர்தர்ஷன் காலத்து மொட்டைமாடி 'மீன்முள்' அதன் வாரிசு. டைபோலுக்குப் பின்னால் சுமார் 5 சதவீதம் நீளமான கம்பி பிரதிபலிக்கும், முன்னால் சற்றுக் குட்டையான கம்பிகள் வழிகாட்டும். மூன்று கம்பி யாகி நன்றாகச் செய்தால் 7 டிபிஐ அளவுக்கு வரும். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் சக்தி இரட்டிப்பு. ஆதாயம் கூடக் கூடக் கற்றை ஒடுங்கும், திசை தவறினால் இழப்பும் கூடும்.

பூஸ்டரோ வந்ததையெல்லாம் பெருக்கும், இரைச்சலையும் சேர்த்து. அது பயன்படுவது நீளமான கேபிளின் இழப்பை ஈடுகட்ட மட்டுமே. அதற்கும் அது கம்பத்தின் உச்சியில், ஆன்டெனாவுக்கு அருகில் இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் மாட்டிய பூஸ்டர் தண்ணீர் கலந்த பாலைக் காய்ச்சுவது போலத்தான்.

கே: ஹாம் ரேடியோ உரிமம் எடுத்திருக்கிறேன். 5 வாட் கைக்கருவி. மாடியில் ஆன்டெனா, 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள். மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (கேபிளும் ஆன்டெனாவும் பொருந்துகிற அளவு; 1 என்றால் கச்சிதம்) 1.5 காட்டுகிறது. ஆனாலும் யாருக்கும் கேட்பதில்லை. (கல்லூரி மாணவர், திருப்பரங்குன்றம்)

மீட்டரை எங்கே வைத்து அளந்தீர்கள்? கீழே, கருவிக்குப் பக்கத்தில் என்றால் அந்த 1.5 பொய் சொல்கிறது.

ஹாம்கள் பேசும் 145 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 நூறு மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல் தின்னும். உங்கள் 20 மீட்டரில் 4 டெசிபல். ஏறிய 5 வாட்டில் மாடிக்குப் போய்ச் சேர்வது 2 வாட். அங்கே ஆன்டெனாவின் எஸ்டபிள்யூஆர் 3 என்று வையுங்கள். கால் பங்கு திரும்பி வரும். திரும்பும் வழியிலும் கேபிள் 4 டெசிபல் தின்றுவிடும். மீட்டருக்கு வந்து சேரும் எதிரலை மிகச் சிறியதாகிவிடுவதால் அது 1.5 என்று கணக்குப் போடும். நூறு மீட்டர் மட்டமான கேபிளை மாட்டி, மறுமுனையை வெறுமனே விட்டால்கூட மீட்டர் அழகாக 1-க்குப் பக்கத்தில்தான் காட்டும். எஸ்டபிள்யூஆர் என்பது பொருத்தத்தின் அளவு மட்டுமே, அலை வெளியேறுகிறதா என்பதற்குச் சான்றல்ல. 50 ஓம் மின்தடையை மாட்டினால் சரியாக 1 வரும், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. உண்மையான ஆன்டெனாவில் 1.5 என்றால் 4 சதவீதமும், 2 என்றால் 11 சதவீதமும்தான் திரும்பும். 1.5-ஐ 1.1 ஆக்கப் பல நாள் செலவழிப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

ஆன்டெனாவின் காலடியில் அரை மீட்டர் கேபிளோடு அளந்து பாருங்கள். ஆன்டெனாவை நேரடியாக அளக்கும் நானோ விஎன்ஏ என்ற சிறு கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. பிறகு கேபிளைத் தடிமனான ஆர்ஜி-213 ஆக்குங்கள்; இழப்பு 2 டெசிபலுக்குள் அடங்கும். கேபிளைப் பாதியாகக் குறைக்க முடிந்தால் அதைவிட மலிவு.

ஆன்டெனாவே சந்தேகம் என்றால் கால் அலை கிரவுண்ட் பிளேன் செய்துகொள்ளுங்கள். நான்கு மூலைத் துளையுள்ள எஸ்ஓ-239 சாக்கெட் (கேபிளை மாட்டும் சாக்கெட்) ஒன்று, வெல்டிங் கடையில் கிடைக்கும் 2.5 மி.மீ. பித்தளைக் கம்பி ஐந்து துண்டு, எம்3 போல்ட் நட் நான்கு. நடுக்கம்பியை 51 செ.மீ. வெட்டி நடு முனையில் பற்றவையுங்கள். 25 வாட் சூட்டுக்கோலில் சாக்கெட் சூடேறாது, ஈயம் பிடித்தது போலத் தெரிந்து பிறகு கழன்றுவிடும். 60 வாட் வேண்டும். மற்ற நான்கும் 52 செ.மீ.; நுனியை வளையமாக்கி மூலைத் துளைகளில் போல்ட் போட்டு, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து விடுங்கள். இவை கிடைமட்டமாக இருந்தால் இம்பிடன்ஸ் 36 ஓம் பக்கம் நிற்கும், சாய்த்தால் 50-ஐ நெருங்கும். எஸ்டபிள்யூஆர் மிகக் குறையும் இடம் 145-க்குக் கீழே இருந்தால் நடுக்கம்பி நீளம். அரை செ.மீ. வெட்டினால் ஏறத்தாழ ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் மேலேறும். 49-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஒரேயடியாக வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது.

உயரத்தை மறக்க வேண்டாம். தரையிலிருந்து 10 மீட்டரில் ரேடியோத் தொடுவானம் 13 கி.மீ. எதிராளியும் அதே உயரம் என்றால் 26. இரும்புக்கம்பி போட்ட கான்கிரீட் அறைக்குள் நின்று பேசினால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

கே: டிரான்சிஸ்டரில் மதுரை வானொலி 1269 வைத்தால், பெட்டியைத் திருப்பத் திருப்பச் சத்தம் கூடிக் குறைகிறது. இழுப்புக் கம்பியை நீட்டியும் மாற்றமில்லை. (உசிலம்பட்டி)

இழுப்புக் கம்பி பண்பலைக்கும் சிற்றலைக்கும்தான். மத்திய அலைக்கு உள்ளே ஒரு கறுப்புக் குச்சி இருக்கிறது. அது செம்புக் கம்பி சுற்றிய ஃபெரைட். 1269 கிலோஹெர்ட்ஸின் அலைநீளம் 236 மீட்டர். பாதி என்றால் 118 மீட்டர் கம்பியை எங்கே கட்டுவது? அதனால் அலையின் காந்தப் பங்கைக் குச்சியால் பிடிக்கிறார்கள். நிலையம் இருக்கும் திசைக்குக் குச்சி குறுக்காக இருந்தால் சத்தம், நேராக நீட்டினால் மௌனம். அந்த மௌனமும் உபயோகம்தான். பக்கத்து வீட்டு இரைச்சல் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்குக் குச்சியை நேராக்கினால் இரைச்சல் அடங்கும்.

இன்னும் வேண்டுமென்றால் 60 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் அரை செ.மீ. இடைவெளி விட்டு 12 சுற்று வயர் சுற்றி (30 மீட்டர் வாங்குங்கள்), இரு முனைகளையும் பழைய ரேடியோவின் கேங் கண்டென்சரில் (நிலையம் மாற்றத் திருகும் பாகம்) பற்றவையுங்கள். ரேடியோவோடு எந்த வயரும் சேர்க்க வேண்டாம். சட்டத்தின் நடுவில், குச்சி சட்டத்தை ஊடுருவும் திசையில் ரேடியோவை வைத்து, கேங்கைத் திருகினால் ஓரிடத்தில் நிலையம் பளிச்சென்று எழும்பும்.

கே: வீட்டுக்கும் பம்புசெட் கொட்டகைக்கும் 1 கி.மீ. நடுவில் தென்னந்தோப்பு. 5.8 கிகாஹெர்ட்ஸ் டிஷ் இரண்டு வைத்தும் இணையம் அறுந்து அறுந்து வருகிறது, மழை விட்ட பிறகு இன்னும் மோசம். (சோழவந்தான்)

ஈர ஓலை இந்த அலையை நன்றாக உறிஞ்சும். எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை, நடுவில் பருத்த நூற்புக் கதிர் போலப் போகிறது. 1 கி.மீ.க்கு நடுவழியில் அதன் ஆரம் 3.6 மீட்டர், அதில் 60 சதவீதமாவது, அதாவது 2.2 மீட்டர், சுற்றிலும் காலியாக இருக்க வேண்டும்.

தென்னைக்கு மேலே போவது நடக்காத காரியம். ஊடே போங்கள். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பானால் வரிசைகளுக்கிடையே ஏழரை மீட்டர் சந்து இருக்கிறது. கதிரின் முழுப் பருமனே 7.2 மீட்டர்தான். மட்டைகள் உயரே போய்விட்ட பழைய மரங்களானால், டிஷ்ஷை 6, 7 மீட்டர் உயரத்தில், வரிசைக்கு இணையாகப் பார்க்கும்படி நகர்த்தி வையுங்கள். ஊடுபயிராக வாழை இருந்தால் அதன் இலைக்கும் மேலே இருக்க வேண்டும். வரிசை கோணலாகப் போனால் தோப்பின் ஓரத்தில் ஒரு கம்பம் நட்டு இரண்டு தாவலாக்குவதுதான் வழி. திருப்பும்போது முதலில் கிடைக்கும் சிக்னலில் நின்றுவிடாதீர்கள், அது பக்கக் கற்றையாக இருக்கலாம். இரு பக்கமும் மெல்லத் துழாவி, மிக உயர்ந்த இடத்தில் இறுக்குங்கள்.

கே: செம்புதான் சிறந்ததா, அலுமினியம் போதுமா? (திருமங்கலம்)

போதும். 100 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் சுமார் 7 மைக்ரான் ஆழத்தில்தான் ஓடும், அலுமினியத்தில் 8. வித்தியாசம் காதுக்கு எட்டாது. ஆனால் இரண்டையும் நேராக முறுக்கிச் சேர்த்தால் மழைக்காலத்தில் இணைப்பு அரிக்கும். ஸ்டீல் போல்ட்டும் வாஷரும் போட்டு இறுக்கி, மேலே ரப்பர் டேப் சுற்றுங்கள். ஹாட் குளூ வேண்டாம், மே மாத மொட்டைமாடியில் இளகிவிடும்.

கே: அழகர்கோவில் பக்கம் வீடு. யாகியின் கம்பிகளைக் குரங்குகள் வளைத்துவிட்டன. நிமிர்த்தினால் சரியாகுமா? (வாசகர்)

முன் கம்பிகள் லேசாக வளைந்தால் ஆதாயம் சற்றுக் குறையும், அவ்வளவுதான். கேபிள் சேரும் கம்பி மடங்கியிருந்தால் பொருத்தமே கெடும், மாற்றிவிடுங்கள். ஆனால் நிமிர்த்திய மறுநாளே திரும்ப வருவார்கள். பண்பலைக்கு மட்டும் என்றால் முதல் பதிலில் சொன்ன டைபோலை வெள்ளை பிவிசி குழாய்க்குள் நுழைத்து இருபுறமும் மூடி போடுங்கள். பிளாஸ்டிக் சற்றுக் கீழே இழுக்கும் என்பதால் மொத்த நீளத்தில் ஒன்றிரண்டு செ.மீ. குறையுங்கள். முடிந்தால் நெட்டாக நிறுத்துங்கள். திசை பார்க்க வேண்டியதில்லை. குறுக்குக் கம்பு இல்லாவிட்டால் ஊஞ்சலாடவும் முடியாது.