எல்லா மாதிரியும் வடக்கைக் காட்டினால் வயது முடிவாகிவிடுமா?

வணக்கம். சாய்ந்து கிடக்கும் சிவப்பு மணற்கல்லில் எடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் பதிந்துள்ள காந்தத் திசை வடக்கைக் காட்டுகிறது, அப்படியானால் அடுக்கு, பூமியின் காந்தப்புலம் கடைசியாகப் புரண்டு இன்றைய திசைக்கு வந்த 7,73,000 ஆண்டுக்கு உட்பட்டதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதல் சந்தேகம் மேற்பதிவின் மேல் வர வேண்டும். எவ்வளவு பழைய பாறையானாலும் இன்றைய காந்தப்புலத்தில் நெடுங்காலம் கிடந்தால் புதுப் பதிவொன்று ஏறிவிடும். மாறுதிசைப் புலத்தால் (முன்னும் பின்னுமாகத் திசை மாறும் காந்தப்புலத்தால்) அதை நீக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சிவப்பு நிறம் தரும் இரும்புக் கனிமமான ஹேமடைட்டிடம் அந்த வித்தை பலிக்காது. படிப்படியாகச் சூடாக்கித்தான் பார்க்க வேண்டும். 100 டிகிரி செல்சியஸில் தொடங்கி 680 வரை போங்கள் (மேக்னடைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமம் 580-லேயே தன் காந்தப் பதிவைக் கைவிட்டுவிடும்). 600-க்கு மேல் 10, 15 டிகிரியாகப் படியைக் குறுக்குங்கள். நடுவில் வடக்கு கரைந்து தெற்கு தலைகாட்டி, கடைசிவரை அதுவே நிலைத்தால் உங்கள் முடிவு தலைகீழாகிவிடும்.

சூளையைத் தொடும் முன்பே செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சாய்வுத் திருத்தம் (சாய்ந்த அடுக்கைப் பழையபடி கிடையாக்கும் கணக்கு) செய்யாத திசைகளை வரைந்து பாருங்கள். அவை இன்றைய புலத்தை ஒட்டியே குவிந்தால், அந்தப் பதிவு பெரும்பாலும் பாறை சாய்ந்த பிறகு வந்தது.

பதிவு பழையதே என்று வைத்துக்கொண்டாலும், 'இயல்புத் துருவம்' (இன்றுபோல் வடக்கைக் காட்டும் புலம்) என்ற ஒற்றை விடை வயது சொல்லாது. கிரிட்டேசியஸ் காலத்தில் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 8.3 கோடி வரை புலம் ஏறத்தாழ புரளவே இல்லை! வயது சொல்லும் எரிமலைச் சாம்பல் படலமோ புதைபடிவமோ தேடுங்கள். மேலும் கீழும் இன்னும் மாதிரிகள் எடுங்கள்.