பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்?

“பாலியல் தொழிலுக்குக் கடத்தப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்குக் கவுன்சிலிங் உண்மையிலேயே உதவுமா? பேசினால் மட்டும் என்ன ஆகிவிடும்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உதவும். காப்பகம் ஒன்றில் ஆலோசகராக வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நான் பார்த்த பெண்களில் பலரைக் கூட்டிப்போனது காதலிப்பதாகச் சொன்னவன், வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஊர்க்கார அக்கா, சில வீடுகளில் சொந்த மாமாவே. எல்லாரும் பாசமாகப் பேசித்தான் கூட்டிப்போனார்கள். அப்படியிருக்க, நாமும் போய் “என்னை உன் அக்காவா நெனச்சுக்கோ” என்றால் அவளுக்கு வயிற்றைக் கலக்காதா? அவள் நம்மைச் சந்தேகப்படுவது நியாயம்.

சட்டமும் இதைச் சிக்கலாக்குகிறது. விபசாரத் தடுப்புச் சட்டம் என்று நாம் சொல்லும் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, விசாரணைக் காலத்தில் 3 வாரம்வரை, பிறகு மாஜிஸ்திரேட் உத்தரவிட்டால் 1 முதல் 3 ஆண்டுவரை காப்பகத்தில் வைக்கலாம். “என்னை எப்ப விடுவீங்க?” என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி.

அதனால் ஆரம்பத்தில் நடந்ததைப் பற்றி எதையும் கேட்க மாட்டேன். போலீஸ், டாக்டர், கோர்ட் எல்லாரும் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். “கதவைத் திறந்து வைக்கட்டுமா, சாத்தட்டுமா?” இவ்வளவுதான். செவ்வாய் பதினொரு மணி என்றால் பதினொரு மணிக்கு அங்கே இருப்பேன்.

ஒரு பெண் பல வாரங்கள் நகப்பாலிஷைச் சுரண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். ஒருநாள் “இன்னைக்கு வரல” என்று சொல்லியனுப்பினாள். சரி என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வந்து கேட்டாள்: “நான் வரமாட்டேன்னதை வார்டன்கிட்ட சொல்லலையா மேடம்?” அவள் வாய்திறந்து பேச ஆரம்பித்தது அன்றைக்குத்தான். வேண்டாம் என்று சொல்லி அடிவாங்காத இடம் ஒன்று கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு நான் எழுதும் அறிக்கையையும் முதலில் அவளிடம் படித்துக் காட்டிவிடுவேன்.

அதே பாதையில் வந்த இன்னொரு பெண் எதிரே உட்கார்ந்தால் பலன் இன்னும் சீக்கிரம் தெரியும். 1996இல் மும்பை ரெய்டுகளில் மீட்கப்பட்டு ஊர் திரும்பிய நேபாளப் பெண்கள் அதே ஆண்டு ‘சக்தி சமூஹா’ அமைப்பைத் தொடங்கினார்கள். தங்களைப் போன்ற பெண்களுக்கு அவர்களே துணை நிற்கிறார்கள். 2013இல் மகசேசே விருதும் கிடைத்தது.

எனக்குக் கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். ஆலோசகர் வேலை பல இடங்களில் ஒப்பந்த வேலை. அவள் நம்ப ஆரம்பிக்கும் நேரத்தில் ஆள் மாறிவிடுகிறது. போவதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே அவளிடம் சொல்லி, புதிதாக வருபவரை நேரில் அறிமுகப்படுத்திவிட்டாவது போக வேண்டும்.