உண்ணி குடித்த தண்ணீர் எங்கே போகிறது?

அன்புள்ள ஐயா,

வேளச்சேரியில் இருக்கிறோம். நேற்று எங்கள் நாயின் காதிலிருந்து ஓர் உண்ணியைப் பிடுங்கி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். ஆமணக்கு முத்து மாதிரி இருக்கிறது. ரத்தத்தில் பெரும்பகுதி தண்ணீர்தானே? கொசு குடிக்கும்போதே பின்பக்கமாக நீர்த்துளி விடுவதைப் பார்த்திருக்கிறேன். நாள்கணக்கில் குடிக்கும் உண்ணி அவ்வளவு தண்ணீரையும் என்ன செய்கிறது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் நாய்க்குள்ளேயே திருப்பித் துப்பிவிடுகிறது.

நாய் உண்ணி ஒரு வாரம் போல ஒரே இடத்தில் கடித்துக்கொண்டு கிடக்கும். கடைசி ஓரிரு நாளில்தான் மளமளவென்று ஊதும். பெண் உண்ணியின் எடை நூறு மடங்கு வரைகூட ஏறும். (ஆமணக்கு என்றீர்களே, லத்தீனில் இரண்டுக்குமே ரிசினஸ் என்றுதான் பெயர்.) அதற்கு வேண்டியது ரத்தத்தின் சத்து. மிஞ்சும் தண்ணீர் குடல் சுவரைத் தாண்டி உடல் திரவத்தில் கலந்து, அங்கிருந்து எச்சில் சுரப்பிக்குப் போகிறது. திராட்சைக் குலை போன்ற அந்தச் சுரப்பியை டோபமின் என்ற நரம்பு வேதிப்பொருள் முடுக்கிவிட, குடித்த நீரிலும் உப்பிலும் ஏறக்குறைய 70 சதவீதம் எச்சிலாகி நாயின் தோலுக்குள் திரும்புகிறது. உறிஞ்சவும் துப்பவும் ஒரே குழாய்தான். கொஞ்ச நேரம் உறிஞ்சும், கொஞ்ச நேரம் துப்பும், மறுபடி உறிஞ்சும்.

எங்கள் வீட்டு நாய் உண்ணிக் காய்ச்சலில்தான் செத்தது. எர்லிக்கியா என்ற அந்தக் கிருமி உள்ளே போவது இந்த எச்சிலோடுதான். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்ணி தன் உடம்பின் நீரைச் சரிக்கட்டச் செய்யும் வேலையே நோய்க்கு வழியாகிவிடுகிறது.

நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில் பட்டினி கிடக்கும்போது இதே சுரப்பி தலைகீழாக வேலை செய்கிறது. உப்பான எச்சிலை வாயில் கசியவிடும். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டதும் திரும்ப விழுங்கிவிடும். மழைக்காலத்தில் நம் வீட்டு உப்புஜாடியில் நடப்பதுதான். கடல்காற்று அடிக்கும் சென்னையில் அதற்கு ஈரத்துக்கா பஞ்சம்?

அப்புறம், மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, நசுக்காமல் நேராக இழுங்கள். நாய் சோர்ந்து கிடந்தாலோ சாப்பிடாவிட்டாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

பாட்டிலில் இருப்பது வயிறு நிறைந்த பெண் உண்ணி. சில நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இன்றைக்கே அதில் ஸ்பிரிட் ஊற்றிவிடுங்கள்.