மலையகத்தில் பிள்ளைகள் சைக்கிளில் பாடசாலை போகக்கூடிய இடத்தில் வீடு பார்ப்பது எப்படி?

பத்து, பன்னிரண்டு வயதில் இரண்டு பிள்ளைகள், வீடு மாறப் போகிறோம், நுவரெலியாவா பண்டாரவளையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரைவிட வீதியை முதலில் பாருங்கள்.

இங்கே தூரம் பெரிய விஷயமில்லை, ஏற்ற இறக்கம்தான் விஷயம். ஏற்றத்தில் பிள்ளை இறங்கித் தள்ளிக்கொண்டு போகும், பரவாயில்லை. இறக்கத்தில்தான் பயம். சக்கர விளிம்பு நனைந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது. ஒரு மழை நாளில் என் மகள் இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் நிற்காமல் தேயிலைச் செடிக்குள் போய்த்தான் நின்றது. கை முழுக்கக் கீறல். அப்புறம்தான் வீட்டை மாற்றினோம்.

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருந்தாலும் கிறகரி வாவி, குதிரைப் பந்தயத் திடல் பக்கம் ஓரளவு சமதரை. ஆனால் பனிமூட்டம் உண்டு, ஏப்ரல் சுற்றுலா சீசனில் வாகனமும் நிறைய. பண்டாரவளையில் தென்மேல் பருவமழை குறைவு. அங்கே அக்டோபரிலிருந்துதான் மழை அதிகம். ஆனால் நகரத்துக்குள் மேடு பள்ளம் அதிகம்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு பாடசாலை நாளில் காலை ஏழு மணிக்குப் பிள்ளையோடு அந்த வழியில் நடந்து பாருங்கள். பஸ்ஸும் ஆட்டோவும் எங்கே முந்துகின்றன, வளைவில் ஒதுங்க இடம் இருக்கிறதா, பிரதான வீதியை எத்தனை தடவை கடக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மண்சரிவு அபாயம் பற்றித் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கட்டாயம் விசாரியுங்கள்.