கார்பனா, ஃபைபரா? முதலில் தொடையைக் கேளுங்கள்!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நீள ஃபின் பற்றியவை, அதாவது மூச்சடக்கி மூழ்குகிறவர்கள் காலில் மாட்டுகிற நீளத் துடுப்பு. அதனால் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: ஃப்ரீடைவிங் (மூச்சடக்கி மூழ்குவது) முதல் நிலைப் பயிற்சி முடித்திருக்கிறேன், 12 மீட்டர் வரை போகிறேன். எடை 54 கிலோ. ‘நேராக கார்பன் வாங்கு, அதுவும் மீடியமாக வாங்கு, போடப் போடக் கால் பழகிவிடும்’ என்கிறார்கள் கூடப் படித்தவர்கள். வாங்கலாமா அண்ணா? (வாசகி, புதுச்சேரி)

கார்பன் வாங்குவது உங்கள் பர்ஸின் விருப்பம். மீடியம், அதாவது நடுத்தர விறைப்பு, அது மட்டும் வேண்டாம். கால் பழகிவிடும் என்பது செருப்புக் கடையில் சொல்கிற பேச்சு, கடலில் செல்லாது.

உங்கள் நண்பர்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பிளேடு, அதாவது ஃபினின் நீளத் தகடு, எதனால் ஆனது என்பது ஒன்று, எவ்வளவு விறைப்பு என்பது வேறு. லேசாக வளைகிற கார்பனும் உண்டு, பலகை மாதிரி நிற்கிற பிளாஸ்டிக்கும் உண்டு. விறைப்பு பெரும்பாலும் தடிமனைப் பொறுத்தது. ஒரு தகட்டின் தடிமனை 10 சதவீதம் கூட்டினால் விறைப்பு 33 சதவீதம் ஏறிவிடும், மும்மடிக் கணக்கு அது. ஓர் அடுக்கு நார்த்துணி கூடுதலாக வைத்து ஒட்டினாலே பிளேடின் குணம் மாறிவிடுவது அதனால்தான்.

அப்படியென்றால் கார்பனுக்கு ஏன் அவ்வளவு விலை? வளைந்தது நிமிர்கிற விதத்துக்குத்தான் அந்த விலை. நீங்கள் உதைக்கும்போது பிளேடு வளைந்து, தொடை கொடுத்த பலத்தைக் கொஞ்ச நேரம் கடனாக வாங்கி வைத்துக்கொள்கிறது, உதை முடிகிற இடத்தில் நிமிர்ந்து திருப்பித் தருகிறது. கார்பன் அந்தக் கடனை உடனே, அநேகமாக முழுசாக அடைத்துவிடும். ஃபைபர் கிளாஸ் சற்றுத் தாமதமாக, கொஞ்சம் பிடித்தம் போகத் தரும். பிளாஸ்டிக் இருக்கிறதே, அது இழுத்தடித்து, ஒரு பங்கைத் தானே விழுங்கிவிட்டு மீதியைத் தரும். ஆனால் பாறையில் அடித்தாலும், படகில் தூக்கிப் போட்டாலும் ஏனென்று கேட்காது.

விறைப்புக்கு வருவோம். இறங்கும்போது முதல் சில மீட்டர் உடம்பு மிதக்கப் பார்க்கும், அங்கே உதைத்தாக வேண்டும். 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அங்கிருந்து கீழே போகப் போகக் கடலே இழுத்துக்கொள்ளும். திரும்பும்போது அந்த இழுப்பை எதிர்த்துக் கிளம்புகிற முதல் நாலைந்து உதைகளுக்குத்தான் செலவு அதிகம். அந்த நேரத்தில் பிளேடு வளைய மறுத்தால் உங்கள் முழங்கால் மடங்கிக்கொடுக்கும், சைக்கிள் மிதிப்பது போல் ஆகிவிடும். தொடை பெரிய தசை. அது எரிய ஆரம்பித்தால் இருக்கிற ஒரே மூச்சையும் அதுதான் குடிக்கும்.

உங்களுக்கு சாஃப்ட் ஃபைபர் கிளாஸ் போதும். என் கைக்கணக்கு இது: 70 கிலோவுக்குக் கீழே சாஃப்ட், அதற்கு மேலே 90 வரை சாஃப்ட் அல்லது மீடியம், ஹார்டு என்று எழுதியிருப்பதைப் பெரிய உடம்புக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள். இதற்குப் பொது அளவுகோலும் கிடையாது. சில தயாரிப்பாளர்கள் 25, 30, 40 என்று எண் போடுவார்கள், ஒருவரின் மீடியம் இன்னொருவரின் சாஃப்டாக இருக்கும். அதனால் யாரிடமாவது இரவல் வாங்கி நீச்சல் குளத்தில் 200 மீட்டர் உதைத்துப் பாருங்கள். தொடை கடுத்தால் விறைப்பு அதிகம், பிளேடு தொளதொளவென்று மடிந்து முன்னே தள்ளாமல் இருந்தால் விறைப்பு குறைவு.

அப்புறம், ஃபுட் பாக்கெட், அதாவது காலை நுழைக்கிற உறை. குதிகால் உள்ளே ஆடினால் எந்த கார்பனும் உதவாது, அந்த ஆட்டத்திலேயே பாதி உதை போய்விடும். மெல்லிய நியோபிரீன் சாக்ஸ் போட்டுக்கொண்டுதான் அளவு பாருங்கள். மாலையில் பார்த்தால் இன்னும் நல்லது, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்.

கேள்வி: என் தாத்தா சங்கு குளித்தவர். காலில் அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார் என்று அப்பா சொல்வார். ஃபின் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்கிறார்களே? (வாசகர், தூத்துக்குடி)

காப்புரிமை பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி டி கோர்லியு வாங்கியது, 1933இல். அதற்கெல்லாம் முன்னால், பையனாக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் மரத்தில் தட்டு செய்து கையில் பிடித்து நீந்திப் பார்த்திருக்கிறார். வேகம் கூடியது, ஆனால் மணிக்கட்டு ஓய்ந்துபோனது என்று பின்னாளில் எழுதினார். வளையாத தகட்டின் குறை அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது!

உங்கள் தாத்தாவின் தகடும் வளையாதது, கடன் வாங்கித் திருப்பித் தருகிற வேலையே அதற்குக் கிடையாது. போய் வந்தது முழுக்க அவர் காலின் சொந்தப் பணம். அந்தக் கால் நமக்கு இல்லாததால் கார்பன் தேடுகிறோம்.

கேள்வி: 86 கிலோ, 5 மில்லிமீட்டர் தடிமனில் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை), பாறையிலிருந்து இறங்கி ஈட்டியால் மீன் பிடிக்கிறேன். விடிகாலையில் தனியாகப் போவதுதான் வழக்கம். சாஃப்ட் கார்பன் சரிவருமா? (வாசகர், சிட்னி)

சரிவராது. ஃப்ரீடைவர் கயிற்றை ஒட்டி நேராகப் போய் நேராக வருகிறார். நீங்கள் அடியில் படுத்துக் காத்திருக்கிறீர்கள், நின்ற இடத்திலிருந்து கிளம்புகிறீர்கள், நீரோட்டத்தில் குறுக்கே போகிறீர்கள், சில நாள் ஈட்டியில் மாட்டிய மீன் வேறு எதிர்ப்பக்கம் இழுக்கும். தடித்த வெட்சூட்டுக்காக ஈயமும் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள், அந்த சூட் ஆழத்தில் நசுங்கி மிதக்கும் தன்மையை இழந்ததும் ஈயத்தின் பாரம் முழுசாகத் தெரியும். மீடியம் எடுங்கள். பாறையில் ஏறி இறங்குகிற ஆளுக்கு கார்பன் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி, ஃபைபர் கிளாஸ்தான் என் ஓட்டு. தண்ணீருக்குள் வந்த பிறகு மாட்டுங்கள், மாட்டிக்கொண்டு பாறையில் நடக்காதீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது ஃபின் இல்லை, ‘தனியாக’ என்ற சொல். மூச்சடக்கி மூழ்குகிறவர்களுக்கு மயக்கம் பெரும்பாலும் அடியில் வருவதில்லை, மேலே வரும் வழியில் கடைசி 10 மீட்டருக்குள்ளோ, தலையை வெளியே நீட்டிய பிறகோதான் வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் முகத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒருவர் கீழே போனால் இன்னொருவர் மேலே நின்று பார்க்க வேண்டும். ஆள் கிடைக்காத நாளில் தூண்டில் போடுங்கள் சார்.

கேள்வி: மண்டபம் பக்கத் தீவுகளில் ஈட்டித் துப்பாக்கியோடு இறங்கலாமா? (வாசகர், ராமநாதபுரம்)

கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா.

கேள்வி: கார்பன் ஃபினை விமானத்தில் கொண்டுபோனால் உடையுமா? (வாசகி, சிங்கப்பூர்)

என்னுடையது விமானத்தில் பிழைத்துப் படகில் உடைந்தது. ஈரமாக இருக்கிறதே என்று பலகையின் விளிம்பில் சாய்த்து வைத்தேன். கூட வந்தவர் நங்கூரக் கயிற்றைப் பிடிக்கப் பின்வாங்கி, குதிகாலை அதன்மேல் ஊன்றினார். டிக்கென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வெளியே பார்த்தால் முடி அளவு வெள்ளைக் கோடு. அன்றைக்கு முழுவதும் உதைக்கும்போதெல்லாம் அந்த டிக் கேட்டுக்கொண்டே இருந்தது, மூன்றாம் நாள் அந்த இடத்திலேயே மடிந்துவிட்டது. பிளேடு நாணல் மாதிரி வளைந்து பார்த்துப் பழகியவனுக்கு அது கதவுக் கீல் மாதிரி மடிவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

விமானத்துக்கு, பெரும்பாலான ஃபின்களில் திருகைக் கழற்றினால் பிளேடு தனியாக வந்துவிடும். இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து, நடுவில் துண்டு மடித்து, வெட்சூட்டால் சுற்றுங்கள். பல நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கின்றன, 95 சென்டிமீட்டர் நீளப் பை தாராளமாக அடங்கும். நுனியில் மட்டும் சிராய்ப்பு என்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எபாக்ஸி பசை ஒரு சொட்டுத் தடவினால் போதும். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதோடு ஆழத்துக்குப் போகாதீர்கள், குளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.