தேத்தண்ணீர்க் கோப்பை உடைந்ததற்கு அரைமணி நேர அழுகை: 48 வயதில் மனம் ஏன் இப்படி?

கேள்வி: எனக்கு 48 வயது, சாவகச்சேரியில் இருக்கிறேன். ஒரு வருடமாக மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் பொங்குகிறது. நேற்று ஒரு தேத்தண்ணீர்க் கோப்பை உடைந்ததற்கு அரைமணி நேரம் அழுதேன். இரவில் வியர்த்து எழும்பினால் பிறகு நித்திரை இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் மகள் வேலை முடிந்து கதைக்கும்போது இங்கே விடியப்புறம் மூன்றரை மணி. ஏற்கெனவே பிரஷர் குளிசை எடுக்கிறேன். இன்னொன்றுக்குப் பழக விருப்பமில்லை. மகள் ஒரு மூலிகைக் குளிசை அனுப்பியிருக்கிறாள். இயற்கையாகச் சமாளிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தக் குளிசைப் போத்தலை மட்டும் இப்போதைக்குத் திறக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நம் ஊரில் ஒரு பிள்ளை சாமத்தியப்பட்டால் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை, தண்ணீர் வார்ப்பு, மண்டபம், வீடியோ என்று சொந்தம் முழுவதும் கூடுகிறது. அதே மாதவிடாய் விடைபெறும்போது பக்கத்தில் படுத்திருக்கும் கணவருக்குக்கூடத் தெரிவதில்லை. பிறகு, இந்த வயதில் வரும் கோபத்தைப் பார்த்து "இவளுக்குக் குணம் மாறிவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்.

தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் முற்றாக நின்றுவிட்டது என்று சொல்லலாம். நீங்கள் அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்கிறீர்கள். மனம் அதிகம் அலைக்கழிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் ஒரே சீராக இறங்கினால் உடல் ஒருவாறு பழகிக்கொள்ளும். ஆனால் அது ஒரு மாதம் வழக்கத்துக்கு மேல் ஏறி, அடுத்த மாதம் சரிந்து விழுகிறது. மனநிலையைச் சீராக வைத்திருக்கும் செரட்டோனின் போன்ற மூளை இரசாயனங்களோடு அதற்குத் தொடர்பு உண்டு. உடல் வெப்பத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதியும் இதனால் தொட்டாற்சுருங்கியாகிவிடுகிறது. வெப்பம் கொஞ்சம் கூடினாலே உடம்பு முழுவதும் வியர்க்க வைத்துவிடும். (இந்தக் கட்டத்திலும் கரு தங்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.)

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிட என் கண்ணில் பட்டது அந்த மூன்றரை மணி. வியர்வை ஒருமுறை எழுப்புகிறது, தொலைபேசி இன்னொருமுறை எழுப்புகிறது. இரண்டு கிழமை இப்படி நித்திரை கெட்டால் இருபது வயதுப் பெண்ணும் கோப்பை உடைந்ததற்கு அழுவாள். ஆகவே முதலில் மகளிடம் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். இங்கே காலை ஏழரை என்றால் ரொறன்ரோவில் கோடையில் இரவு 10 மணி, குளிர்காலத்தில் 9 மணி. அவள் படுக்கப்போகுமுன் ஆறுதலாகக் கதைக்கலாம்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேத்தண்ணீரும் கோப்பியும் வேண்டாம். கஃபீனில் பாதி உடலை விட்டுப்போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் பிடிக்கும். பொழுதுபட்ட பிறகு கிணற்றடியில் ஒரு குளிப்பு, மெல்லிய பருத்தி உடுப்பு, கட்டிலருகே ஒரு மின்விசிறி. விழிப்பு வந்து இருபது நிமிடம் போல் ஆகியும் நித்திரை வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வெளிச்சம் குறைந்த இடத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது திரும்பிப் படுக்கலாம். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும்.

அந்த விழித்திருக்கும் வேளையில்தான் பழைய நினைவுகளும் வந்து உட்காரும். போரில் யாரையாவது இழக்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. அந்தத் துயரத்தை முழுவதும் ஹோர்மோன் தலையில் கட்டிவிட நான் விரும்பவில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் கதைப்பதும், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடம் போவதும் மருந்தில்லாத வழிகள்தான். எண்ணங்களையும் பழக்கங்களையும் சிறிது சிறிதாக மாற்றப் பழக்கும் சிகிச்சை, இந்த வயதின் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

கிழமைக்கு 150 நிமிட நடை, அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம், மனதுக்கும் நித்திரைக்கும் பிரஷருக்கும் நல்லது. தனியே றோட்டில் நடக்கக் கூச்சமாக இருந்தால் கோயில் வீதியைச் சுற்றுங்கள், அல்லது சைக்கிளை எடுங்கள்.

சாப்பாட்டில் அற்புதம் எதுவும் இல்லை. சோயா சிலருக்கு இந்த உடல் வெக்கையைச் சற்றுக் குறைக்கலாம், அவ்வளவுதான். முருங்கையிலை வறை, எள்ளு, முள்ளோடு நெத்தலி ஆகியவை எலும்புக்காகத் தேவை. விரதம் பிடிப்பவரென்றால் வெறும் வயிற்றோடு நாள் முழுவதும் குசினியில் நிற்காதீர்கள், தண்ணீராவது குடியுங்கள்.

இனி அந்தப் போத்தல். மூலிகை என்பதால் அது தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். வெளிநாட்டில் இதற்காக விற்கும் பிளக் கொஹொஷ் என்ற மூலிகை அரிதாக ஈரலைப் பாதித்திருக்கிறது. செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற இன்னொரு மூலிகை பல மருந்துகளின் வேலையைக் குறைத்துவிடும். சில பிரஷர் குளிசைகளும் அதில் அடக்கம். சித்த வைத்தியரிடம் போவதென்றாலும் உங்கள் பிரஷர் மருந்துச் சீட்டைக் காட்டிவிட்டே மருந்து வாங்குங்கள்.

தைரொயிட் கோளாறும் இரத்தசோகையும் இதே முகத்தோடு வரும் என்பதால் ஓர் இரத்தப் பரிசோதனை தேவை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் சுகவனிதையர் கிளினிக் இலவசம். எந்த நாள் என்று உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். ஒரு வருடம் நின்ற பிறகு இரத்தம் பட்டால், ஒரு துளியானாலும், காத்திருக்க வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் வைத்தியரிடம் செல்லுங்கள். வாழ்வதில் பயனில்லை என்று ஒருமுறை தோன்றினாலும் அன்றே யாரிடமாவது சொல்லுங்கள்; 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம். அந்த நிலையில் மருந்தோ ஹோர்மோன் சிகிச்சையோ தேவைப்பட்டால் அதைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

இப்போதே ஒரு கொப்பியில் மாதவிடாய் வந்த நாள், நித்திரை கெட்ட இரவு, கோபமோ அழுகையோ வந்த நாள் என்று குறித்து வாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும், திறக்காத குளிசைப் போத்தலையும், முடிந்தால் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.