மென்பொருள் உருவாக்க எந்த முறை நம் டீமுக்குப் பொருந்தும்? – கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர்): அக்கா, தேவை, வடிவமைப்பு, கோட், டெஸ்டிங் என்று ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கும் வாட்டர்ஃபால் முறையைக் கண்டுபிடித்தவர் ராய்ஸ், அது இப்போது காலாவதி என்று படித்தோம். சரிதானா?

பதில்: ராய்ஸுக்கு இழைத்த அநியாயம் இது. வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையில் அந்தக் கட்டங்களைப் படிக்கட்டாகக் காட்டும் படம் உண்டு. வாட்டர்ஃபால் என்ற பெயர் இல்லை. இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றுதான் எழுதினார். டெஸ்டிங் கடைசியில் வருவதால், வடிவமைப்பில் இருக்கும் தவறு அப்போதுதான் தெரியும். திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எந்த முறையை எடைபோட்டாலும் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்: ஒரு தவறு நடந்தால் எத்தனை நாளில் கண்ணில் படும்? காலாவதி என்பதையும் ஏற்க மாட்டேன். விமானத்திலோ மருத்துவக் கருவியிலோ ஓடும் மென்பொருளுக்குத் தேவைகளை எழுதிவைத்து, அவை சோதிக்கப்பட்டதற்கு ஆவணமும் காட்டியாக வேண்டும். அங்கே கட்டம் கட்டமாகப் போவது இன்றும் உதவும்.

கேள்வி (டீம் லீட்): எங்களில் ஒரு டீமின் வெலாசிட்டி, அதாவது ஒரு சுற்றில் முடிக்கும் வேலையின் புள்ளிக்கணக்கு, 60, இன்னொன்றுக்கு 35. முதல் டீமின் முறையையே எல்லாருக்கும் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் புள்ளியை, அதாவது ஸ்டோரி பாயின்ட்டை, ஒவ்வொரு டீமும் தானே மதிப்பிடுகிறது; அது அவரவர் வீட்டு டம்ளரில் அளந்த அரிசி. அதற்குப் பதில் நான்கு விஷயங்களைக் குறித்துவையுங்கள்: எழுதி முடித்த கோட் பயனர்கள் கைக்கு, அதாவது புரொடக்‌ஷனுக்குப் போக எத்தனை நாள், எவ்வளவு அடிக்கடி ரிலீஸ், அதில் எத்தனை ரிலீஸ் சிக்கலில் முடிகிறது, சிக்கலைச் சரிசெய்ய எவ்வளவு நேரம். முறையை மாற்றுவதற்கு முன்பே மூன்று மாதக் கணக்கு கையில் இருக்கட்டும். ஒரு டீமை அதன் பழைய கணக்கோடு ஒப்பிடுவதுதான் நியாயம்.

கேள்வி: முறையை மாற்றியதால் பிழைத்த திட்டம் உண்மையில் இருக்கிறதா?

பதில்: அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. கதையைப் பாருங்கள். வழக்குக் கோப்புகளைக் கணினிக்குக் கொண்டுவர எடுத்த முதல் முயற்சியை, சுமார் 17 கோடி டாலர் செலவான பிறகு 2005இல் கைவிட்டார்கள். அடுத்து வந்த சென்டினல் திட்டமும் இழுத்துக்கொண்டே போனது. 2010இல் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் பொறுப்பில் எடுத்து, சிறிய டீமோடு ஸ்பிரின்ட் எனும் இரண்டு வாரச் சுற்றுகளில் செய்தது. 2012 ஜூலையில் அது எல்லாருடைய பயன்பாட்டுக்கும் வந்துவிட்டது.

ஆனால் அவசரப்பட்டு இதை ஸ்க்ரமின் (ஸ்பிரின்ட்களாக வேலை செய்யும் முறையின்) வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். முறையோடு சேர்ந்து டீமின் அளவும் மாறியது, முடிவெடுக்கும் ஆளும் மாறினார். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பீட்டுக் கட்டுரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் ஓட்டை இது.

கேள்வி: விலையும் வேலையும் ஒப்பந்தத்திலேயே முடிவான திட்டத்தில் அஜைல், அதாவது ஸ்க்ரம் போலச் சிறுசிறு பகுதிகளாகச் செய்து காட்டித் திருத்தும் முறை, ஓடுமா?

பதில்: பாதி ஓடும். வேலையின் பட்டியலை மாற்ற முடியாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை க்ளையன்ட்டிடம் ஓடும் மென்பொருளைக் காட்டுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. அதை மட்டுமாவது செய்யுங்கள்.

கேள்வி (சப்போர்ட் டீம்): தினமும் புது டிக்கெட் (வாடிக்கையாளரின் புகார் அல்லது கோரிக்கை) வருகிறது. ஸ்பிரின்ட் திட்டம் இரண்டாம் நாளே கலைந்துவிடுகிறது, என்ன செய்வது?

பதில்: உங்களுக்குக் கன்பான்தான் பொருந்தும்: வேலைகளை ஒரு போர்டில் காட்டி, ஒரே நேரத்தில் கையில் எடுப்பதற்கு உச்சவரம்பு வைக்கும் முறை. லிட்டில் விதி (கையில் உள்ளதை ஒரு நாளில் முடிவதால் வகுத்தால் சராசரி நாள்) சொல்வதைப் பாருங்கள்: கையில் 30 டிக்கெட், நாளுக்கு 3 முடிகிறது என்றால், ஒரு டிக்கெட் சராசரியாக 10 நாள் கிடக்கும். அதே வேகத்தில், கையில் எடுப்பதை 12 ஆகக் குறைத்தால் 4 நாள். மீதி வரிசையில் காத்திருக்கும், உண்மைதான். ஆனால் எதை அடுத்து எடுப்பது என்று தினமும் காலையில் மாற்றிக்கொள்ளலாம். நாளைக்கே போர்டில் அந்த 12ஐ எழுதி ஒட்டுங்கள்.